உட்காரக் கூடாத கட்டில்

அந்த வீட்டுப் பாத்ரூமுக்குக் கதவு இல்லை.

போய் நின்ற பிறகுதான் கவனித்தேன். அவசரம், திரும்பி வர வழியில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று பழைய பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டே காரியத்தை முடித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

"பாட்டு பரவாயில்ல," என்றார் அண்ணி. "சுதிதான் சேரல."

"கதவு இருந்தா நான் எதுக்கு அண்ணி பாடப் போறேன்?"

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தார். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், திட்டு வாங்க ஓர் ஆள். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் என் ஜாகை. அன்று காலையிலேயே ஒரு ரவுண்டு திட்டு வாங்கியிருந்தேன். அண்ணியின் ரெட்டைவால் பிள்ளைகள் இரண்டும் ஓடுகிற காரில் கதவைத் திறந்து பார்த்ததிலிருந்து பின்கதவு இரண்டுக்கும் குழந்தைப் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து திறக்காது. அதை மறந்துவிட்டு நான் பாட்டுக்கு இறங்கி, லாபியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுச் சோபாவைத் தாண்டி, லிஃப்ட் வரைக்கும் போய்விட்டேன். பின் சீட்டில் அடைபட்டுக் கிடந்த அண்ணி கண்ணாடியைத் தட்டிய தட்டில் வாட்ச்மேனே ஓடி வந்தார்.

எதிர் சோபாவில் இருந்த கண் டாக்டர் எங்கள் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. நாற்பது மாடி, அத்தனையும் வாடகை ஃப்ளாட். அதில் இருபத்திரண்டாவது மாடியில் குடியிருப்பவர். நாலு நாளாக அவர் மனைவியைக் காணோம். போலீசுக்குப் போகாமல் அண்ணிக்குப் போன் செய்திருந்தார்.

"வெளிய தெரிஞ்சா என் பேரு என்ன ஆகும், சொல்லுங்க?" என்றார். அதைக் கேட்டதுமே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மனைவி காணாமல் போன மனிதருக்குப் பேரைப் பற்றிக் கவலை! ஆள் குரலை உயர்த்தவில்லை, கசங்கிய சட்டை போடவில்லை, ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. முடித்துவிட்டு எங்கேயோ மூட்டை கட்டி வைத்திருக்கிறார் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

"இந்தக் கட்டிடத்துக்கு உள் அலங்காரம் பண்ணதே உங்க மனைவிதான், இல்லையா?" என்று கேட்டார் அண்ணி.

"ஆமா மேடம். லாபி, லிஃப்ட், எல்லாம் அவ கைவேலை. வாடகைக்கு வர்றவங்களுக்குக் காட்ட ரெண்டு மாடல் ஃப்ளாட் வெச்சிருக்காங்க. அதுவும் அவ பண்ணதுதான்."

"கதவெல்லாம் எங்க சார்?" என்றேன் நான். எனக்கு அந்த ஆற்றாமை தீரவில்லை.

"மாடல் ஃப்ளாட்ல கதவு வெக்க மாட்டாங்க மிஸ்டர். கதவை எடுத்துட்டா ரூம் பெருசாத் தெரியும். இங்கயும் அப்படியே வேணும்னு அவதான் ஆசைப்பட்டா." டாக்டர் சோபாவில் சாய்ந்துகொண்டார். "எனக்கும் பிடிச்சுப் போச்சு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள மறைக்க என்ன இருக்கு? இந்த இடத்துல உக்காந்தா வீடு முழுக்கத் தெரியும்."

அவர் கை காட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். படுக்கையறை தெரிந்தது. சமையலறை தெரிந்தது. பாத்ரூமும் தெரிந்தது. எனக்குச் சுரீர் என்றது. நான் அவ்வளவு நேரம் பாடியது வீண்.

அண்ணி எழுந்து படுக்கையறை வாசலில் நின்று, கதவு நிலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை காலையில, நான் குளிச்சிட்டிருந்தப்ப போயிருக்கா. போன் டேபிள் மேல இருக்கு, செருப்பு மட்டும் இல்ல. லிஃப்ட் கேமராவுல ஏறினது இருக்கு. எந்த மாடியில இறங்கினான்னு இல்ல. ஆனா கீழ வாசல் கேமராவுல அவ வரவே இல்ல." டாக்டர் விரல்களைக் கோத்துக்கொண்டார். "என் கிளினிக் கீழதான் மேடம், லாபிக்கு நேர் எதிர்ல, கண்ணாடிச் சுவர். வாட்ச்மேனோட அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணது நான். என் கண்ணுக்குத் தப்பினா அவன் கண்ணுக்குத் தப்பாது. அவ இந்தக் கட்டிடத்தை விட்டுப் போகல. இதுக்குள்ள எங்கயோ இருக்கா. யார் வீட்டுலன்னுதான் தெரியணும்."

"மாடல் ஃப்ளாட்ல பாத்தீங்களா?"

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அங்க என்ன மேடம் இருக்கு? அட்டையும் பிளாஸ்டிக்கும். உக்காரக்கூட முடியாது."

"எனக்கு அவங்க கைவேலையப் பாக்கணும்," என்றார் அண்ணி.

வாடகைக்கு விடும் பிரிவின் மேனேஜர் அம்மா சாவிக் கொத்தோடு வந்தார். அழுத்தமான உதட்டுச்சாயம், அதைவிட அழுத்தமான புன்னகை. டாக்டரைப் பார்த்ததும் அந்தப் புன்னகை ஒரு கணம் நழுவி, மறுபடி ஒட்டிக்கொண்டது. எங்களைப் பன்னிரண்டாவது மாடிக்கு அழைத்துப் போனார். டாக்டரும் கூடவே வந்தார். நாங்கள் போகிற இடமெல்லாம் வருவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

மாடல் ஃப்ளாட் என்றால் மாடல் ஃப்ளாட்தான். வாசலைத் தாண்டியதும் நாமும் இப்படி ஒரு வீட்டில் வாழ வேண்டும் என்று வயிறு எரிந்தது. பளபளவென்று ஆப்பிள்கள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். மெழுகு. அலமாரி நிறையப் புத்தகங்கள், எல்லாம் முதுகு மட்டும். சுவரோரம் பெரிய டிவி. அதை ஒற்றைக் கையால் தூக்கினேன், உள்ளே காற்றுதான் இருந்தது.

"சாப்பாட்டு மேஜை ஏன் இவ்வளவு குட்டியா இருக்கு?" என்றார் அண்ணி.

"எல்லாமே கொஞ்சம் சின்ன சைஸ்ல செஞ்சு வாங்குவோம் மேடம்," என்றார் மேனேஜர் அம்மா. "அப்பத்தான் ரூம் பெருசாத் தெரியும்."

படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கத் தங்கநிறத் திரை. வெளிக்காட்சி எப்படி என்று பார்க்க விலக்கினேன். பின்னால் வெறும் சுவர்.

"ஜன்னல் இருக்கிற மாதிரி ஒரு எண்ணம் வரும் சார், அதுக்குத்தான்."

"ஏம்மா, இந்த வீட்டுல எதுதான் நிஜம்?"

"வாடகை," என்றார் அண்ணி.

கட்டில் மட்டும் ராஜா வீட்டுக் கட்டிலாக இருந்தது. பட்டு விரிப்பு, நடுவில் ஒரே மாதிரிக் குழி போட்ட ஏழெட்டுத் தலையணைகள். காலையிலிருந்து நின்ற அலுப்பு எனக்கு. தொப்பென்று உட்கார்ந்தேன். அடுத்த கணம் 'நொறுக்' என்று ஒரு சத்தம். என் முழங்கால் என் தாடைக்கு வந்துவிட்டது, இடுப்பு தரையைத் தேடிப் போய்விட்டது. மெல்லிய பஞ்சு விரிப்புக்குக் கீழே வரிசையாக அடுக்கிய அட்டைப்பெட்டிகள். அதில் இரண்டை நான் காலி செய்திருந்தேன்.

"சொன்னேனே, உக்காரக்கூட முடியாதுன்னு," என்று ஹாலிலிருந்து டாக்டர் குரல் வந்தது. பிறகு அவருக்கு ஏதோ போன் வர, பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். மேனேஜர் அம்மா புதுப் பெட்டி சொல்லி அனுப்பப் போனார்.

அண்ணி எனக்குக் கை கொடுத்துத் தூக்கவில்லை. கதவு நிலையருகே நின்று, "தம்பி, இங்க வந்து தடவிப் பாரு," என்றார்.

தடவினேன். வழவழவென்று இருந்தது.

"கதவு மாட்டுற கீலுக்கு மரத்துல பள்ளம் வெட்டுவாங்க. கதவைக் கழட்டினா பள்ளம் அப்படியே தெரியும். இங்க அதை அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சிருக்காங்க. கதவு இருந்த சுவடே இல்ல. இதுதான் அந்தப் பொண்ணோட வேலை. மேல டாக்டர் வீட்டுல என்ன இருந்துச்சு?"

"பாத்ரூமைத் தவிர நான் எதையும் கவனிக்கல அண்ணி."

"பள்ளம் எல்லாம் வாயைத் திறந்துட்டு இருக்கு. மரம் சிலும்பு சிலும்பாப் பேந்திருக்கு. ஒரு கீல்ல பாதி ஸ்க்ரூ இன்னும் மரத்துக்குள்ளயே இருக்கு. அந்தக் கதவைக் கழட்டல. பிடுங்கியிருக்காங்க. தன் வீட்டுல அப்படி ஒரு நிலையை அடைக்காம விட்டுவெக்க அவளுக்கு மனசு வருமா?"

நிலையில் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்தேன். "அப்ப கதவை எடுத்தது..."

"அவ உள்ள போய்ச் சாத்திக்கிட்டிருப்பா. அவருக்கு அது பிடிக்கல."

"அப்ப நான் சொன்னதுதான் அண்ணி. ஆளை முடிச்சிட்டாரு."

"முடிச்சவரு தேடச் சொல்லி எனக்கு ஏன் போன் பண்றாரு? அவருக்கு அவ நிஜமாவே கிடைக்கல." அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கேலி கொஞ்சமும் இல்லை. "இவ்வளவு நேரம் நாம யாருக்கு வேலை செய்றோம்னு யோசிச்சியா? அவளைக் கண்டுபிடிச்சு இவர் கையிலதான் குடுக்கப் போறோம்."

வராந்தாவில் டாக்டர் பேச்சு முடிந்தது.

"இன்னொரு மாடல் ஃப்ளாட்டையும் பாத்திடலாமா?" என்றார் அண்ணி, ஊருக்கே கேட்கிற குரலில். எனக்குப் பகீரென்றது. கேட்காமல் விட்டால் டாக்டரே கேட்பார் என்று பிறகுதான் புரிந்தது.

திரும்பி வந்த மேனேஜர் அம்மாவின் புன்னகை முழுசாக விழுந்துவிட்டது. "முப்பத்தி நாலாவது மாடியா? அது... அங்க பெயின்ட் வேலை நடக்குது மேடம். ஒரே வாடை."

"பரவாயில்ல, திறங்க," என்றார் டாக்டர் மெதுவாக.

முப்பத்து நாலாவது மாடியில் பெயின்ட் வாடையே இல்லை. டாக்டர் ஹாலில் நின்று அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூட ஆரம்பித்தார். நாங்கள் படுக்கையறைக்குள் போனோம். அதே தங்கநிறத் திரை. அதே பட்டு விரிப்பு. குட்டி மேஜை மேல் அதே காற்று டிவி.

"மேடம்," என்று பின்னாலேயே ஓடி வந்தார் மேனேஜர் அம்மா. "கட்டில்ல மட்டும் உக்காராதீங்க. உள்ள வெறும் அட்டை."

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் 'நொறுக்'கை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது 'கிறீச்'. ஸ்ப்ரிங் சத்தம். கண்ணைத் திறந்தபோது அண்ணி கட்டிலின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். பட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே நிஜமான இரும்புக் கட்டில், நிஜமான மெத்தை.

யாரும் வசிக்காத வீட்டில், பழம் மெழுகு, புத்தகம் முதுகு, டிவி காற்று. தூங்குகிற கட்டில் மட்டும் நிஜம்.

அண்ணி எழுந்து திரையை ஒரு சாண் விலக்கினார். பின்னால் சுவர் இல்லை. ஒரு கதவு இருந்தது. உடை மாற்றும் சின்ன அறையின் கதவு. புதுக் கீல், புது ஸ்க்ரூ, நிலையில் மரத்தூள்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிடத்தின் இரண்டு மாடல் ஃப்ளாட்டிலும் சேர்த்து இருந்த ஒரே உள்கதவு அதுதான்.

மேனேஜர் அம்மா கையைக் கூப்பிவிட்டார். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது. "அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ரூம்."

ஹாலில் கடைசி அலமாரிக் கதவு மூடப்பட்டது. காலடிச் சத்தம் எங்கள் பக்கம் திரும்பியது.

"என்ன சத்தம் அது? ஸ்ப்ரிங் மாதிரி கேட்டுது," என்றது டாக்டரின் குரல்.

அண்ணி திரையைப் பழையபடி இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ தடவை தெரியாமல் விழுந்திருக்கிறேன். தெரிந்து விழுந்தது அன்றைக்குத்தான். மேஜை மேலிருந்த காற்று டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டிலின் அந்தப்பக்கம் தரையில் சாய்ந்தேன். என் கனத்தில் அது நொறுங்கிய சத்தம், இரண்டென்ன, நாலு அட்டைப்பெட்டிக்குச் சமம்.

"அய்யோ அம்மா! என் இடுப்பு! இதுவும் அட்டைதானா? ஏம்மா, ஒரு கட்டிலாவது ஒழுங்கா வெக்கக் கூடாதா?"

டாக்டர் வாசலில் வந்து நின்றார். கலைந்த விரிப்பு தெரிந்தது. கட்டிலுக்கு அப்பால் ஆகாயத்தைப் பார்த்து நின்ற என் இரண்டு கால்களும் தெரிந்தன.

"ஒரு தடவை பட்டது போதாதா மிஸ்டர்?"

"போதல சார்," என்றேன்.

அவர் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண் மெல்ல அறையைச் சுற்றி வந்து திரையில் நின்றது. உள்ளே வந்தார். கையை நீட்டித் திரையின் விளிம்பைப் பிடித்தார். மேனேஜர் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். தரையில் கிடந்தபடி நான் திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு செருப்புகளின் நிழல் விழுந்திருந்தது. அது அசையவே இல்லை.

"லாரி!" என்றார் அண்ணி.

டாக்டரின் கை நின்றது.

"செவ்வாய்க்கிழமை சோபா மாத்துனீங்களா?" அண்ணி மேனேஜர் அம்மாவை அதட்டினார். "லாபிக்குப் புதுசு வந்திருக்கே. பழசு எதுல போச்சு?"

"லா... லாரியில மேடம்."

"எந்த வழியா?"

"பின்வாசல். சாமான் இறக்குற வழி."

"அவ்வளவுதான் டாக்டர். கேமரா லாரியைப் பாத்திருக்கும், லாரிக்குள்ள பாத்திருக்காது. அந்த லாரிக்காரங்களுக்கு உங்க மனைவிதான் வருஷக்கணக்கா வேலை சொல்றவங்க. ஏறிக்கோங்கன்னா ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க." அண்ணி போனை எடுத்து எதையோ தேடுவதுபோல் விரலை ஓட்டினார். "நேத்து கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜ்லேருந்து தகவல் வந்துச்சு. தனியா ஒரு அம்மா, கையில பை இல்ல, யாரோடயும் பேச்சு இல்ல. வழி தெரியாததால நான் நம்பல. இப்ப வழி தெரிஞ்சு போச்சு."

டாக்டர் திரையை விட்டார். அவர் முகத்தில் அப்போது வந்தது நிம்மதி இல்லை. நான் கீழேயிருந்து பார்த்ததால் நன்றாகவே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "செய்வா. அவ செய்யக் கூடியவதான்," என்றார்.

"நீங்க நேர்ல வந்து அடையாளம் காட்டணும். இப்பவே கிளம்பினாத்தான் உண்டு. என் கொழுந்தன் கூட்டிட்டுப் போவான்."

டாக்டரும் மேனேஜர் அம்மாவும் லிஃப்டுக்குப் போனார்கள். அண்ணி செருப்பு வாரைச் சரி செய்கிற சாக்கில் பின்தங்கி, திரைக்குள் கையை விட்டு விரல் முட்டியால் கதவைத் தொட்டார். "தாழ்ப்பாளை எடுக்காதீங்க. நான் திரும்பி வந்து மூணு தடவை தட்டுவேன். அப்பத் திறந்தாப் போதும்."

நாங்கள் அறை வாசலுக்கு வந்த பிறகு, உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது.

கீழே காருக்குப் போகும்போது அண்ணியின் காதைக் கடித்தேன். "லாட்ஜ்ல யாரு அண்ணி?"

"எனக்கென்ன தெரியும்? எந்த லாட்ஜுன்னே தெரியாது. கடற்கரை நீளமா இருக்கு, ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாரு."

"இந்த ஆளோட கேஸை மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வந்திருக்கலாமே!"

"விட்டா நாளைக்கே வேற ஆளை வெச்சுத் தேடுவாரு. அந்த ஆள் எப்படிப்பட்டவனோ! தேடற வேலை என்கிட்ட இருக்கிற வரைக்கும் அவ கிடைக்க மாட்டா."

பிறகு அண்ணி ஒரு காரியம் செய்தார். டாக்டருக்காகக் காரின் பின்கதவைத் தன் கையால் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் யாருக்கும் கதவு திறந்துவிட்டு நான் பார்த்ததில்லை. என் அண்ணனுக்கேகூட. பெரிய மனிதர் தோரணையில் டாக்டர் ஏறி உட்கார்ந்தார். அண்ணி கதவை மெதுவாகச் சாத்தி, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

நெடுஞ்சாலையில் வெகுதூரம் போய்விட்டோம். டாக்டர் வழி நெடுக மனைவியைப் பற்றித்தான் பேசினார். அவள் போனில் எத்தனை பேர் நம்பர் இருக்கலாம் என்பது அவர் முடிவு செய்தது. அவள் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வரலாம் என்பதும் அவர் முடிவு செய்ததுதான். எல்லாம் அக்கறையாம். நான் பின்கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்த்தால் வண்டி தாறுமாறாக ஓடும் போலிருந்தது.

அவருடைய போன் அடித்தது. வாட்ச்மேன். அந்தக் குரல் எனக்கே கேட்டது.

"சார், அம்மா இப்பத்தான் வெளிய போனாங்க. முன்வாசல் வழியாவே. காலையில கார்க் கண்ணாடியத் தட்டினாங்களே, அந்த மேடம்கூட. லிஃப்ட்லேருந்து இறங்கி, உங்க கிளினிக்கைத் தாண்டி, நேராப் போயிட்டாங்க சார்."

"கேட்டைப் பூட்டுறா!" என்று கத்தினார் டாக்டர். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வண்டியை நிறுத்து! நிறுத்துடா!"

மிஸ்டர் போய் டா வந்துவிட்டது. நல்ல பிள்ளையாக, சாலையோர டீக்கடை முன்னால் நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் டாக்டர் கைப்பிடியை இழுத்தார். இந்தப் பக்கம் இழுத்தார். நகர்ந்து போய் அந்தப் பக்கம் இழுத்தார். கண்ணாடியும் இறங்கவில்லை.

"கதவைத் திற!"

"உள்ளேருந்து திறக்காது சார்," என்றேன். "வெளிய இருக்கிறவங்க மனசு வெச்சாத்தான் உண்டு."

முன் சீட்டுக்குத் தாவி வெளியே வரலாம்தான். ஆனால் கோட்டுப் போட்ட மனிதருக்கு அது தோன்றவே நேரமாகும். நான் டீக்கடைக்குள் போய் ஒரு டீ சொல்லி, "அவசரமே இல்ல," என்றேன்.

டீ பாதி குடித்திருக்கும்போது அண்ணியிடமிருந்து செய்தி வந்தது. 'நம்ம வீட்டுக்கு வந்தாச்சு. உன் ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டேன், அதுலதான் தாழ்ப்பாள் நல்லா இருக்கு. போனதும் முதல்ல அதைத்தான் போட்டுப் பாத்தாங்க. நீ ஹால்ல படுத்துக்கோ.'

என் கட்டில் போனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு டீ சொன்னேன். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் உட்கார்ந்தால் கார் முழுக்கத் தெரிந்தது.